பத்மாவதிக்கு ஒரு படம்

பற்றரி மேசையில் தனியாகக் கிடந்தது. இருந்தும் கமரா சர்ரென்று மூக்கை நீட்டிக் கண்ணைத் திறந்தது.

பழைய சாமானின் கொழுப்பு என்று சண்முகலிங்கம் விட்டுவிட்டார். வெள்ளவத்தைக் கடலோர மாடிவீடு. உப்புக்காற்றில் சுவரே துருப்பிடிக்கும், கமராவுக்குப் புத்தி பிசகாதா?

அதை வாங்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனைவி பத்மாவதி இறந்த முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. நினைவு மலரில் போட அவளுடைய படம் இல்லை. அந்த வீட்டில் படம் எடுப்பவள் எப்போதும் அவள்தான். ஒரேயொருமுறை அவர் எடுத்தபோது, நகம் கோணிய அவருடைய பெருவிரல் மூலையில் பூசணிக்காய் அளவில் விழுந்து அவளை மறைத்துவிட்டது.

"உங்கட விரலுக்குப் பின்னாலயோ நான் நிக்கிறது? இஞ்ச தாங்கோ" என்று பறித்தவள், பிறகு கமராவை அவர் கையில் கொடுக்கவே இல்லை. மிஞ்சியது அடையாள அட்டைப் படம். அதில் வங்கி உடைத்து அகப்பட்டவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கமரா எப்போதோ செத்துவிட்டது. பிஸ்கற் தடிப்பில் அதன் மெமறி காட் மட்டும் மிச்சம். அதற்குள் ஏதாவது ஒரு கண்ணாடியிலாவது அவள் விழுந்திருக்கமாட்டாளா? அந்த மெமறி காட்டையும் விழுங்கி, வீட்டுக் கொம்பியூட்டரோடும் ஒத்துப்போகிற கமரா வேண்டும். கொம்பியூட்டர்ப் பெட்டியையே மடியில் குழந்தை போல ஏந்தி, ஓட்டோவில் காலி வீதிக் கடைக்குப் போனார்.

கடைக்கார இஸ்ஸதீன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "அங்கிள், இது ஒல்லாந்தர் வுட்டுட்டுப் போனதா?"

"நானும் அந்தக் காலத்து ஆள்தான் தம்பி. ரெண்டு பேருக்கும் பொருந்திறதா ஒண்டு தாரும்."

புதுக் கமராக்களைக் கொம்பியூட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் அலமாரிக்கு அடியிலிருந்து வந்த பழைய வெள்ளிநிறக் கமராவைக் கண்டதும் டிங் என்றது. மெமறி காட்டும் அதற்குள் பொருந்தியது.

"படம் பாக்கிறதா அங்கிள்?"

"வேண்டாம். வீட்டை போய்த் தனியப் பாக்கிறன்."

இப்போது பொழுதுபட்டு, மழை சன்னலைக் கழுவிக்கொண்டிருக்க, கீழ்வீட்டு மீன்பொரியல் மணமும் கடலின் இரைச்சலும் ஒன்றாக மேலே ஏறிவர, பற்றரியைப் போட்டுக் கொம்பியூட்டரோடு வயரைக் கொழுவி, விளக்கேற்றவும் மறந்து அவர் கதிரையில் குனிந்திருந்தார்.

படங்கள் வந்தன. காலிமுகத்திடலில் வாய்நிறைய இறால்வடையோடு அவர். பேப்பருக்குள் அவர். குறட்டையில் அவர். உலகத்துச் சண்முகலிங்கங்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஒரு பத்மாவதி இல்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுக் கடைசிப் படத்தைத் திறந்தார்.

ஒரு முதுகு. இடுப்பில் இதே சாரம், இதே கதிரை, சன்னலில் இதே மழை.

கமரா மேசையில்தான் கிடந்தது.

கரையோர ரயில் கடந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. அறைக்குள் எங்கோ ஓடிக்கொலோன் மணந்தது. அவள் தலையிடிக்குப் பூசுவது.

டிங்.

இன்னொரு படம். இன்னும் கிட்ட. அவருடைய வழுக்கை.

டிங்.

பிடரி. அதில் சிலிர்த்து நிற்கும் மயிர்.

திரும்பப் பயம். எழும்பப் பயம். ஆனால் எழும்பி ஓடினால் படம் இல்லை. இனி ஒருபோதும் இல்லை.

"பத்மா," என்றார், திரும்பாமல். "ஒருக்கா நீர் வந்து நில்லும். நான் எடுக்கிறன்."

மழை. மழை மட்டும்.

பிறகு காதடியில், ஈரமாய், மெல்ல:

"விரல் கவனம்."

தோள் குளிர்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ சர்ரென்று திறந்தது.

மழை கேட்கவில்லை. கடல் கேட்கவில்லை.

டிங்.

படத்தில், கன்னம் கீபோட்டில் சரிந்து, கண் திறந்தபடி, கதிரையில் சண்முகலிங்கம். அவர் தோளில் கைவைத்து, நேரே பார்த்து, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு பத்மாவதி.

மூலையில், பூசணிக்காய் அளவில், நகம் கோணிய ஒரு பெருவிரல்.