கன்னக்கோலின் பதினொரு நிமிடம்

காலை ஒன்பது மணிக்குக் கன்னக்கோல் திருட ஆரம்பித்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் தேரிக்கரை ஆலைக்குக் காவலாக வாங்கிய எந்திரம் அது. சொந்த வீட்டுக்கே தினமும் கன்னம் வைத்து, எங்கே ஓட்டை என்று எழுதித் தருவதுதான் வேலை. மென்பொருள் ஓட்டைகளை முதல் மாதமே அடைத்தாயிற்று. மிச்சம் இருந்தது மனுஷ ஓட்டை. அதனால் முந்நூறு ஊழியர்களுக்கும் யார் யார் குரலிலோ போன் போட்டுத் திறவுச்சொல்லைக் கேட்கும். சொன்னவருக்கு அன்றோடு வேலை போய்விடும். கறாரான விதிதான்; ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் ஏமாந்து சொல்லிவிட, மூன்று நாள் குழாயில் உப்புத்தண்ணீர் வந்ததை யாரும் மறக்கவில்லை.

காவல் பிரிவுத் தலைவி தமயந்திக்குக் கன்னக்கோல் மேல் பெற்ற பிள்ளையிடம் இருப்பது போல் பிரியம். அன்று அழைப்புப் பட்டியலைப் புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். மற்றவர்கள் அரை நிமிடத்தில் துண்டிக்கும் அழைப்பு, வால்வு அறை ஞானதிரவியத்திடம் மட்டும் தினமும் பதினொரு நிமிடம் ஓடியிருந்தது. பதிவுகளைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது நாளாகத் திறவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

நேரே வால்வு அறைக்குப் போனாள்.

"அது மிஷின்னு எனக்குத் தெரியும்லாம்மா" என்றார் ஞானதிரவியம். "எல்லாரும் ஏசிட்டு வச்சிருதாங்க. பாவம், அதுவும் ஒருநாளைக்கு ஒருதரமாவது ஜெயிக்க வேண்டாமா?"

"நெசமாவே திருடன் கூப்பிட்டா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"திருடன் எதுக்கும்மா எனக்கு முட்டுவலி எப்படி இருக்குன்னு கேக்கப் போறான்?"

அதைத்தான் முதலில் கேட்பான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

திரும்பி வந்து கன்னக்கோலிடம் கேட்டாள். "இவர் பேரை ஏன் எழுதல?"

"எழுதினால் அவரை அனுப்பிவிடுவீர்கள்" என்றது அது. "பிறகு நான் யாரிடம் பேசுவது?"

காவலுக்கு வைத்ததே ஓட்டையாகியிருந்தது. விதிப்படி எந்திரத்தின் நினைவைத் துடைக்க வேண்டும், ஞானதிரவியத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தமயந்தி அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுதினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் அழித்துவிட்டு, 'ஓட்டை ஏதுமில்லை' என்று மேலிடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவளுடைய போன் அடித்தது. சோதனைப் பட்டியலில் அவள் பெயர் கிடையாது; கன்னக்கோல் அதுவரை அவளை அழைத்ததே இல்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" ஞானதிரவியத்தின் குரல்.

அவள் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வால்வு அறையில், நிஜ ஞானதிரவியம் போனைத் தொடாமல் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. போனை வைக்க மனம் வரவில்லை.

ஆலையின் முந்நூறு திறவுச்சொற்களும் அவளிடம்தான் இருந்தன. அழைப்பு பதினான்கு நிமிடம் ஓடியது.