யாரும் சண்டை போடாத சுனை

மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்த ஒரு காலையில் தையல்காரி வந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள்.

"நாளைக்கு ஆபரேஷன். அப்பா வரமாட்டேங்கிறார், அண்ணி. மிச்சமிருக்கிறதே ஒரு கண்ணு, தள்ளிப்போட்டா அதுவும் போயிடுமாம். இவரோ, மலைச்சுனையில முகம் கழுவினாப் போதும்ங்கிறார். உங்க கலைக்களஞ்சியத்திலேயே போட்டிருக்காம்!"

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் பொய்க் கட்டுரைகளைக் களையெடுப்பவர் அண்ணி. டாக்சி ஓட்டும் கொழுந்தன் அப்படி அழைக்கப்போய், தெருவுக்கே அண்ணியாகிவிட்டவர். நிதானமாகக் கட்டுரையைத் திறந்து வாசித்தார்.

'தண்ணீர் முதலில் தொலைவில் கிசுகிசுக்கும். பிறகு காலடியில் பேசும். பாறை இளஞ்சூடாக இருக்கும். பாசி வாசனை வந்ததும் குனிந்தால் போதும்.'

அறையே சற்று நேரம் அந்தச் சுனையோரம் போய் உட்கார்ந்துவிட்டது.

"பேப்பர்லயே வந்திருக்காம், கீழ சான்று போட்டிருக்கு. அப்போ நிஜந்தான்!" என்றார் கொழுந்தன்.

"தேதியப் பாருங்க தம்பி. பேப்பர்ல வந்தது இந்தக் கட்டுரைக்கு அப்புறம். இதைப் பார்த்து அவங்க எழுதினாங்க. அதையே யாரோ இங்க சான்றா ஒட்டிட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் சாஞ்சு நிக்கிறாங்க, பின்னாடி சுவரே இல்ல. அதோட, நிஜமான இடம்னா எழுதுறவங்களுக்குள்ள சண்டை நடக்கும். வழி தப்பும்பார் ஒருத்தர், அது எங்க ஊரும்பார் இன்னொருத்தர். இதை யாரும் ஒரு வரிகூடத் திருத்தல."

"சந்தையில கண்ணுக்கு மூலிகை எண்ணெய் விக்கிறானே, அவன் வேலைதான். சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வரட்டுமா?" என்றார் கொழுந்தன்.

"விக்கிறவன்னா கடைக்கு வழி போட்டிருப்பான். இங்க சுனைக்கே வழி இல்ல." அண்ணி தையல்காரியிடம் திரும்பினார். "அப்பா பகலெல்லாம் என்ன பண்ணுவார்?"

"ரேடியோவுல செய்தி வாசிச்சவராச்சே, வாய் சும்மா இருக்காது. போன்கிட்டப் பேசிக்கிட்டே இருப்பார். இவர் பேசப்பேச அது எழுதும்."

"தம்பி, வண்டியை எடுங்க."

தையல்காரியின் வீட்டில் பெரியவர் சாய்வு நாற்காலியில், வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அண்ணி அருகில் அமர்ந்தார்.

"சுனையைப் பார்த்தவங்க முதல்ல தண்ணியோட நிறத்தைச் சொல்லுவாங்க. இந்தக் கட்டுரையில நிறமே இல்ல. சத்தம் இருக்கு, சூடு இருக்கு, வாசனை இருக்கு. வாசிக்கிறப்போ மூச்சு விடுற இடம்கூடக் கச்சிதமா அமைஞ்சிருக்கு. நீங்க எழுதினதுதானே, ஐயா?"

"அப்பா!" என்றாள் மகள்.

"பேப்பர்ல வந்ததும் நானே பாதி நம்பிட்டேம்மா," என்றார் பெரியவர் மெதுவாக. "போன தடவை கட்டு அவுத்தாங்க. இருட்டு. இதுவும் இருட்டுன்னா, அப்புறம் போறதுக்கு ஒரு இடம் வேணாமா?"

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னைக்குக் காலையில ஒரு அம்மா அந்தக் கட்டுரைப் பக்கத்துல கேட்டிருக்காங்க," என்றார் அண்ணி. "பையனுக்குப் பார்வை மங்குதாம். டாக்டர்கிட்டப் போகாம நேரா சுனைக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். எந்த பஸ்ல ஏறணும்னு கேக்குறாங்க."

பெரியவரின் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தன.

"அந்தக் கட்டுரையை எடுத்துடுங்க. ஆனா அந்த அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு கைபேசியை வாயருகே கொண்டுபோனார். செய்தி வாசித்த அதே குரல் அறையை நிறைத்தது.

"வணக்கம். அந்தச் சுனை எங்கும் இல்லை. பயத்தில் நான் கட்டிய கதை அது. நாளைக் காலை நான் கண் மருத்துவரிடம் போகிறேன். உங்கள் மகனையும் அழைத்துப் போங்கள்."