துண்டுக்குள் ஒரு கொசுறு

ஒரு மூளையின் விலை இன்னொரு மூளை. மூளைப்படக் களஞ்சியத்தில் அதற்கு மேல் கேட்பதுமில்லை, அதில் ஒரு இணுக்குக் குறைப்பதுமில்லை.

"பழைய மூளைம்மா. அறுபது வருசம் ஓடுனது. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்றார் தங்கபுஷ்பம். விருதுநகரில் வற்றல் மண்டி நடத்துகிறவர். யார் என்ன விலை சொன்னாலும் முகத்தைச் சுளிப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

"மூளையில பழசு புதுசு இல்லக்கா" என்று சிரித்தாள் வழிகாட்டி ஜெயசீலி. புதிதாக வருகிறவர்களுக்குக் களஞ்சியத்தைப் பழக்கிவிடுவது அவள் வேலை. "உங்களோடத ஒண்ணு வச்சாத்தான் மத்தவங்களோடதத் தொடலாம். இந்தத் தலைப்பட்டையக் கட்டிக்கோங்க. நீங்க வேல செய்யச் செய்ய அது உங்க மூளையப் படமெடுத்துக்கிட்டே இருக்கும். அதுதான் விலை."

நாட்டின் மூளைப்படங்களெல்லாம் அங்கே குவிந்திருந்தன. ஒரு கேள்வியோடு யாரும் வந்து ஆராயலாம். படத்துக்குரியவர் அந்தக் கேள்விக்குக் கையை எப்படி அசைப்பார் என்பதைக் கணித்து, விரலுறை என்ற தடித்த கையுறை அசைத்தே காட்டிவிடும். ஆள் யார் என்பது மட்டும் தெரியாது. உள்ளே வரும் படத்திலிருந்து மூக்கு, கன்னம், காது எல்லாவற்றையும் முகநீக்கி என்ற கருவி சீவி எறிந்துவிடும், கையோடு பெயரையும்.

"உங்க கேள்வி என்னக்கா?"

"விலை பேசும்போது வியாபாரி கை என்ன நெனைக்குதுன்னு."

"நல்ல கேள்வி. பாதிப் பேரு செத்துப்போன வீட்டுக்காரரத் தேடித்தான் வாராங்க. ஒரு படம் யாருதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னாக்கூட அத அழிச்சிரணும். சட்டம்."

"நியாயந்தான. யாருக்கும் தெரியாதுன்னு நம்பித்தான குடுத்திருக்காங்க" என்றார் தங்கபுஷ்பம். முகத்தில் ஒரு சலனமில்லை. அவர் கணவர் ராஜமணி, போன ஐப்பசியில் மண்டி வாசலிலேயே சாய்ந்தவர், அதற்கு முந்தின வருடம்தான் வணிகர் ஆய்வு ஒன்றில் மூளைப்படம் எடுக்கத் தலையைக் காட்டியிருந்தார். இந்தக் குவியலில் எங்கோ முகமில்லாமல் கிடக்கிறார். அவரைத் தொட வேண்டும். தொட்டது தெரியக் கூடாது. தெரிந்தால் இரண்டாவது முறையும் போய்விடுவார்.

விரலுறைக்குள் கையை விட்டதும் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேலே போர்த்தினார்.

"துண்டு எதுக்குக்கா?"

"விலை பேசுறத ஊரே பாக்கவா?"

அவர் பழகிய வியாபாரத்தில் பேரம் வாயால் நடப்பதில்லை. துண்டுக்கடியில் இரண்டு கைகள் கோத்துக்கொள்ளும். பிடித்த விரல்தான் விலை; மடக்கினால் மறுப்பு.

முதல் மூளை அவர் விரல்களை முறிக்கிற மாதிரி மடக்கியது. "இவன் உரக்கடைக்காரன்."

"அக்கா! ஊகிக்கவே கூடாது!"

"தொழிலத்தான சொன்னேன், ஆளச் சொல்லலையே."

அடுத்தது கேட்ட விலைக்கு உடனே ஒத்துக்கொண்டது. "யாரோ வாத்தியார வியாபாரிங்க கூட்டத்துல சேத்துவுட்டுட்டீங்க. எடுத்து வெளிய போடு."

பிற்பகல் முழுக்க இப்படியே போனது. பிறகு ஒரு கை வந்தது. மூன்று விரல் கேட்டார், இரண்டைப் பிடித்தது. விடாமல் இழுபறி. கடைசியில் அவர் சொன்ன விலைக்கே இணங்கி வந்தது. பேரம் படிந்தால் கை விலக வேண்டும். விலகவில்லை. அவர் சுண்டுவிரல் நுனியில் மெதுவாக ஒரு கிள்ளு.

விலையில் சேராத கிள்ளு. வீட்டில் சண்டை வந்தால் தங்கபுஷ்பமும் ராஜமணியும் துண்டுக்குள்தான் பேசி முடிப்பார்கள். முடிந்ததும் ராஜமணி கிள்ளுவார். "கொசுறு" என்பார்.

தங்கபுஷ்பத்தின் முகம் அசையவில்லை. முப்பது வருட மண்டி முகம். ஆனால் தலைப்பட்டை முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊர் ஊராக இருந்த களஞ்சியக் கிளைகளில் எல்லா வழிகாட்டிகளின் திரையிலும் சிவப்பில் ஓர் அறிவிப்பு எழுந்தது: 'சற்றுமுன் ஓர் ஆய்வாளரின் மூளையில் ஆளறிதல் பதிவாகியுள்ளது. ஆய்வாளர் யார், படம் எது என்று தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்.'

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தங்கபுஷ்பத்தின் படத்திலிருந்தும் பெயரையும் முகத்தையும் களஞ்சியம் சீவி எறிந்திருந்ததே.

ஜெயசீலி திரையைப் படித்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள். அதற்கடியில் கை இன்னும் விலகவில்லை.

"அக்கா, கேள்விக்குப் பதில் கெடச்சுதா?"

"எங்கம்மா. அத்தனையும் கறார்ப் பேர்வழி." தங்கபுஷ்பம் முகத்தைச் சுளித்தார். "நாளைக்கும் வரணும் போலருக்கே."

"வாங்க. புதுசா வாரவங்களுக்குப் பழக நாள் பிடிக்கும்."

"விட்ட எடத்துலருந்து தொடங்கலாமா?"

"நான் எதையும் குறிச்சு வைக்க மாட்டேங்க்கா." ஜெயசீலி திரையை அணைத்தாள். "நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுக்கணும்."

தங்கபுஷ்பம் துண்டை உதறவில்லை. பொத்தினாற்போல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை களஞ்சியம் கணக்கு முடித்தது. வரவு, மூளை ஒன்று. ஆளறிதல் ஒன்று: அறிந்தவர் தெரியாது, அறியப்பட்டவர் தெரியாது, நிலுவை. அந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஏகப்பட்ட நிலுவைகள் கிடந்தன. அவற்றில் மிகப் பழையது, ஜெயசீலி தானும் ஒரு தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளுடையது.