கட்டைவாலின் வாய்ப்பூட்டு

அப்பாவின் தூண்டில் பெட்டியைத் தொடக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அப்பா இறந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்தது வைத்தபடியே இருந்தது. அம்மா தூசி துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

கடைசியில் அதைத் தொட்டது ஊசிதான்.

அவளுக்கு வேறு நல்ல பெயர் உண்டு. ஆனால் தெருவில் எல்லாருக்கும் அவள் ஊசி. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் இல்லை, அவள் வாய் அப்படி. தம்பிக்கு வாலு என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

"அக்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றான் வாலு.

"நீ வாயைத் திறக்காட்டி தெரியாது" என்று சொல்லி, ஊசி பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே வரிசையாகப் பொய்மீன்கள். எல்லாம் அப்பா செதுக்கியவை. படகுப் பட்டறையில் வேலை முடிந்து வந்ததும், பழைய துடைப்பக் கட்டையை வெட்டி, சீவி, வர்ணம் பூசி, கீழே மும்முனை முள் இரண்டு மாட்டுவார். பார்த்தால் குட்டி மீன் நீந்துவது போலவே இருக்கும்.

மேலே கிடந்ததுதான் அவர் கடைசியாகச் செய்தது. சுண்டுவிரல் நீளம், கறுப்பு முதுகு, சிவப்பு வயிறு. அந்தச் சிவப்பு அம்மாவின் நகப்பூச்சு. அதற்காக ஒரு சண்டையே நடந்தது.

"நானே ரெண்டு தடவைதான் போட்டிருக்கேன். மீனுக்கு எதுக்குங்க இது?"

"பெரிய இடத்துக்குப் போகுதும்மா. கொஞ்சம் சிங்காரம் வேண்டாமா?"

பெரிய இடம் என்று அப்பா சொன்னது படகுத்துறைத் தூண்களின் அடியை. அங்கே ஒரு கிழட்டு மட்டவன் மீன் இருந்தது. உயர்ந்த முதுகு, முதுகில் முள்வேலி, சிப்பியையே உடைத்துத் தின்கிற தாடை. வாலில் பாதி இல்லாததால் அதற்குக் கட்டைவால் என்று பெயர். அப்பாவின் தூண்டிலில் அது ஒருநாளும் சிக்கியதில்லை.

"அடுத்த வாரம் நீயும் நானும் போறோம்" என்று ஊசியிடம் சொல்லியிருந்தார். அந்த வாரம் பட்டறையில் ஒரு சங்கிலி அறுந்தது. அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை.

அதனால்தான் ஊசி அந்தப் பொய்மீனை எடுத்தாள். அப்பாவுக்காகக் கட்டைவாலைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி.

துறையில் காற்று இல்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. படிக்கட்டில் இறால் மாமா உட்கார்ந்திருந்தார். தூண்டில் போடுகிறவர்களுக்கு உயிர் இறால் விற்பவர் அவர்.

"உயிரோட இறால் இருக்கும்போது, கட்டையைக் காட்டி மீனை ஏமாத்தற குடும்பம் உங்க குடும்பம் ஒண்ணுதான்" என்றார்.

"உங்க இறாலை மீனு பாத்தே பயந்துடுது மாமா" என்றாள் ஊசி.

தூணை ஒட்டிப் பொய்மீனை வீசினாள். மெல்ல இழுத்தாள், நிறுத்தினாள். நிறுத்தும்போதுதான் மட்டவன் கடிக்கும் என்பது அப்பாவின் பாடம். மறுபடியும் இழுத்தாள், நிறுத்தினாள்.

கோல் வளைந்தது. தண்ணீருக்குள் ஒரு பாதி வால் திரும்பியது.

"கட்டைவால்!" என்று கத்தினான் வாலு.

தூண்டில் நரம்பு கரகரவென்று ஓடியது. ரீலில் ஒரு திருகு உண்டு. தளர்த்தினால் நரம்பு ஓடும், இறுக்கினால் நிற்கும். ஊசி அதை இறுக்கினாள்.

"அக்கா, விட்டுப் பிடி! அப்பா அப்படித்தானே சொல்வார்?"

"விட மாட்டேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

மீன் தூணைச் சுற்றியது. தூணில் அப்பியிருந்த சிப்பிகளின் விளிம்பு கத்தி போல் இருக்கும். இறுகிய நரம்பு அதில் உரசி அறுந்தது. கோல் நிமிர்ந்துகொண்டது. அப்பாவின் கடைசிப் பொய்மீன் மீனோடு போய்விட்டது.

"நீ கத்தினதாலதான்!" என்று தம்பியைத் திட்டினாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

நாலைந்து நாள், பள்ளி விட்டதும் துறைக்கு ஓடினாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மாலை, வாலுதான் முதலில் பார்த்தான்.

"அக்கா... அங்க பாரு."

தூணுக்கு அப்பால், தண்ணீரின் மேல்மட்டத்தில், கட்டைவால் ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது. சாகவில்லை, செவுள் அசைந்தது. பொய்மீன் அதன் வாயின் குறுக்கே கிடந்தது. ஒரு முள் மேலுதட்டில், ஒரு முள் கீழுதட்டில். வாய்க்குப் பூட்டுப் போட்டாற்போல் இருந்தது.

வாலு பையிலிருந்த ரொட்டியைக் கிள்ளிப் போட்டான். கட்டைவால் மெல்ல வந்து அதை மூக்கால் முட்டியது. மறுபடி முட்டியது. தின்ன முடியவில்லை. ரொட்டி ஊறிக் கரைந்துபோனது.

அப்போதுதான் ஊசிக்குத் தன் தவறு புரிந்தது.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே ஒரு குட்டி முள் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிர்முள் என்று பெயர். குத்திய முள் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பொய்மீன் செய்து முடித்ததும் அப்பா கடைசியாகச் செய்கிற வேலை, எல்லா எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்குவது. "பிடிச்ச மீனை விட்டா, முழுசா விடணும். அவன் பொழப்பே அந்த வாய்தான்" என்பார். பிறகு முள்ளைத் தன் சட்டைக் கையில் குத்தி இழுப்பார். மாட்டாமல் வந்தால்தான் வேலை முடிந்தது.

இந்தப் பொய்மீனில் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. அதற்குள் அப்பா போய்விட்டார். எதிர்முள் நசுங்கியிருந்தால் முள் எப்போதோ கழன்று விழுந்திருக்கும். அவள் அதைப் பார்க்காமலே மாட்டி வீசிவிட்டாள்.

"இப்படி நான் நிறைய பாத்திருக்கேன்" என்றார் இறால் மாமா. "தின்ன முடியாம தேஞ்சு தேஞ்சு சாகும். கொக்கு கண்ணைக் கொத்தும். இரு, நண்டு குத்தற ஈட்டி இருக்கு. ஒரே குத்து. மீனுக்கும் விடுதலை, உன் கட்டையும் உனக்குக் கிடைச்சுடும்."

ஊசி ஈட்டியைப் பார்த்தாள். பொய்மீன் கிடைத்துவிடும். அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்துவிடலாம். அதற்கு ஒரு குத்துப் போதும்.

"வேண்டாம் மாமா" என்றாள். "எங்கப்பா செஞ்ச பொய்மீனால அது சாகக் கூடாது."

"வாயே திறக்காத மீனை எப்படிம்மா தூண்டில்ல பிடிப்பே?"

ஊசியின் வாயே அடைத்துப்போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு ஓடிப் பெட்டியோடும் கோலோடும் திரும்பி வந்தாள். கடல் ஓதம் இறங்கி, தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. வற்றும் தண்ணீர் கட்டைவாலைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தூணின் மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, மீனையே பார்த்தது.

"ச்சூ! போ!" என்று கல்லை எறிந்தான் வாலு. கொக்கு எழும்பி அடுத்த தூணுக்குப் போனது, அவ்வளவுதான்.

"அக்கா, அது வாலுக்குப் பின்னால பாசி ஒண்ணு கூடவே வருது. ஏன்?"

ஊசி கூர்ந்து பார்த்தாள். பாசிக் கொத்து தானாக வரவில்லை. அறுந்த நரம்பு இன்னும் மீனோடுதான் இருந்தது. நீளமாகப் பின்னால் இழுபட்டு, அதன் நுனியில் பாசி சிக்கியிருந்தது.

"டேய் வாலு!" என்று அவனைக் கட்டிப்பிடித்தாள். "மீனைப் பிடிக்க வேண்டாம்டா. நரம்பைப் பிடிச்சாப் போதும்!"

பெட்டியிலிருந்து வேறொரு பொய்மீனை எடுத்தாள். இந்த முறை முதலில் முள்ளைப் பாவாடையில் குத்தி இழுத்துப் பார்த்தாள். மாட்டாமல் வந்தது. தவறிப்போய் மீன்மேல் பட்டாலும் பாதகமில்லை.

வீசினாள். பாசிக்கு அப்பால் விழுந்தது. இழுத்தாள், வெறும் தண்ணீர்தான் வந்தது. மறுபடி வீசினாள், வெறும் பாசி வந்தது. கட்டைவால் இன்னும் தள்ளிப் போயிருந்தது. இனி ஒரு வீச்சுக்கு மேல் எட்டாது என்று தெரிந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு முழுப் பலத்தோடு வீசினாள். அமிழும்வரை காத்திருந்தாள். இழுத்தாள், நிறுத்தினாள். இழுத்தாள்.

ஏதோ கனத்தது. பாசிக் கொத்து திரும்பி அவள் பக்கமாக வந்தது.

"மாட்டிடுச்சு!"

உடனே கட்டைவால் துள்ளியது. சாகக் கிடந்த மீனுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! ஊசியின் கை திருகுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு திருகைத் தளர்த்தினாள்.

நரம்பு ஓடியது. அவள் ஓட விட்டாள். மீன் களைத்தபோது கொஞ்சம் சுற்றினாள். அது இழுத்தபோது மறுபடி விட்டாள். வாலு தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான்.

படிக்கட்டருகே மீன் வந்ததும், பக்கத்தில் ஒரு கைவலை இறங்கியது. இறால் மாமா!

"என்ன பாக்கறே? கட்டைக் குடும்பத்துக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் உதவி" என்றார்.

ஊசி தம்பியின் சட்டையைக் கழற்றி நனைத்து மீனின் மேல் போர்த்தினாள். கிட்டத்தில் பார்த்தபோது அழுகை வந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. கீழுதடு வீங்கிக் கிழிந்திருந்தது. முள்ளைப் பின்னால் இழுத்தால் இன்னும் கிழியும். அதனால் நுனியை முன்னால் தள்ளி வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை அங்கேயே குறட்டால் நசுக்கினாள். முள் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது மேலுதடு. அதுவும் வந்தது. கட்டைவாலின் வாய் திறந்து மூடியது.

தண்ணீருக்குள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தாள். விட்டால் கவிழ்ந்தது. நிமிர்த்தினாள். மறுபடியும் கவிழ்ந்தது.

"செத்துடுச்சா அக்கா?"

"தெரியலடா."

விரல்கள் மரத்துப்போகும்வரை பிடித்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. கொக்கும் போகவில்லை. பிறகு அவள் உள்ளங்கையில் ஏதோ அசைந்தது. பாதி வால் ஒருமுறை அடித்தது, இன்னொருமுறை அடித்தது. அவள் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுக் கட்டைவால் தூண்களின் இருட்டுக்குள் போய்விட்டது.

"பிழைக்குமா மாமா?"

இறால் மாமா கூடையிலிருந்து ஒரு கை இறாலை எடுத்துத் தூணருகே வீசினார். "பிழைக்கலாம். பசியோட இருக்கிறவனுக்குக் கட்டையைக் காட்டாதீங்க, அவ்வளவுதான்."

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். ஈரச் சட்டை, செதில் ஒட்டிய கை, திறந்த பெட்டி. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

எதை மறைக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்த ஊசி, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் விம்மல் வந்தது. "அப்பா முடிக்காம விட்டிருந்தாரும்மா. நான் பாக்கல."

அம்மா பொய்மீனை வாங்கி விளக்கடியில் பிடித்தார். முதுகில் கறுப்பு உரிந்திருந்தது. வயிற்றில் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"என் நகத்துல ரெண்டு நாள் கூட நிக்காது" என்றார் அம்மா. சொல்லும்போதே அழுதார். அப்பா போன பிறகு பிள்ளைகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. வாலு அவர் மடியில் ஏறிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா குறட்டை ஊசியிடம் நீட்டினார்.

"இதுல நசுக்காத முள் மீதி எத்தனை?"

"நாலு."

ஊசி ஒவ்வொன்றாக நசுக்கினாள். வாலு விளக்கைத் தூக்கிப் பிடித்தான். கடைசி முள் நசுங்கியதும் பொய்மீனை அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா முள்ளைத் தன் வேலைச் சட்டைக் கையில் குத்தினார். மெல்ல இழுத்தார்.

மாட்டாமல் வந்தது.