ஓட ஓடச் சின்னதான போர்வை

கூடத்தின் குறுக்கே ஒரு பச்சை நூல் விறைப்பாக நின்று துடித்துக்கொண்டிருந்தது.

குருவி அதில் தடுக்கி விழப் பார்த்தாள். குருவி என்பது வீட்டில் வைத்த பெயர். பத்து வயதுக்கு அவள் பேசும் பேச்சைக் கேட்டால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள்.

நூல் கண்ணாடி அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து கிளம்பி, சோபாக் காலை உரசிக்கொண்டு, வாசல் கதவைத் தாண்டிப் போயிருந்தது. அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருந்தது. ஒரு நூலுருண்டையும் பின்னல் போடும் குரோஷே ஊசியும் மட்டும் கிடந்தன.

குருவி ஓடிப் போய்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள்.

நடுத்தட்டில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அவள் பயம் உங்களுக்குப் புரியாது.

குருவியின் பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, சும்மா உட்காரத் தெரியாதவர். டிவி பார்த்தாலும் சரி, டாக்டருக்குக் காத்திருந்தாலும் சரி, முனை வளைந்த அந்த ஊசி கையில் இருக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வை பின்னினார். குருவிக்குத் தண்ணீர் பாட்டில் போட ஒரு பை. லாரி ஓட்டும் அப்பாவுக்கு சீட் உறை. அதோடு விட்டாரா? கியர் கம்பிக்கும் ஒரு சட்டை மாட்டிவிட்டார்.

கடைசியாக, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஒரு பச்சைப் போர்வை ஆரம்பித்தார். வட்டப் போர்வை. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பெரிதாகும். பாதிக்கு மேல் வந்திருந்தபோது பாட்டி இறந்துபோனார். ஊசி கடைசிக் கண்ணியில், அதாவது நூல் வளையத்தில், மாட்டியபடியே இருந்தது. அம்மா அதைக் கழற்றவில்லை. ஊசி, போர்வை, நூலுருண்டை எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அது எங்க அம்மா கடைசியாப் போட்ட கண்ணி. யாரும் தொடக்கூடாது" என்றார். அதுதான் வீட்டுச் சட்டம். தினமும் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

பிறகு பிறந்த அந்தப் பேரக்குழந்தை பட்டாணி. இப்போது ஐந்து வயது.

"பட்டாணி!"

நூல் மறுபடி வெடுக்கென்று துடித்தது.

குருவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நூலின் ஒரு பக்கம் அலமாரிக் கதவில் நசுங்கி மாட்டியிருக்கிறது. மறுபக்கம் போர்வை, பட்டாணி கையில். ஊசியை எடுத்துவிட்ட பின்னல், இழுத்தால் பொலபொலவென்று பிரிந்துகொண்டே போகும். அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் பாட்டி போட்ட கண்ணிகள் காணாமல் போகின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வந்துவிடுவார். பள்ளி லீவு என்பதால் 'தம்பியைப் பார்த்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குருவி பால்கனியில் உட்கார்ந்து படக்கதை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப் போய், பட்டாணி மறக்காமல் பூட்டிவிட்டு ஆணியில் திரும்ப மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். அவசரத்தில் சாவி துளையைத் தவிர எல்லா இடத்திலும் குத்தியது. ஒருவழியாகக் கதவு திறந்தது. நூலுருண்டையை விடுவித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். இனி உருண்டைதானே பிரியும், போர்வை பிழைத்துவிடும் என்று நினைத்தாள்.

வாசலுக்கு வந்து பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. நூல் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளில் உள்ளே வெளியே என்று புகுந்து கீழே போயிருந்தது. உருண்டையை விடுவித்தும் பயனில்லை. வழியெல்லாம் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நூலைச் சுற்றிக்கொண்டே இறங்கினாள். இழுத்தால் இன்னும் பிரியும். நின்றால் நேரம் போகும். ஒவ்வொரு கம்பியாக விடுவித்து, உருண்டையில் சுற்றி, அடுத்த படிக்குப் போனாள். சுற்றச் சுற்ற உருண்டை பெருத்தது. அது பெருக்கப் பெருக்க அவளுக்கு அழுகை முட்டியது.

கடைசிப் படியில் ஹெல்மெட் மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்கு நடந்து போனாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார் என்பதால் அந்தப் பெயர். கையில் ஒரு தட்டு நிறைய முட்டை. இரண்டு கணுக்காலையும் சுற்றிப் பச்சை நூல்.

"ஏம்மா குருவி, இது உங்க வீட்டு நூலா?"

"ஆமா மாமா. அசையாதீங்க."

"அசைய எங்கம்மா முடியுது? மூச்சே பாதிதான் விட்டுட்டிருக்கேன்."

குருவி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "வலது காலைத் தூக்குங்க மாமா. வெச்சுடுங்க. இப்ப இடது கால்."

"ரெண்டையும் ஒண்ணாத் தூக்கச் சொல்லாத வரைக்கும் சரி."

"பட்டாணியைப் பார்த்தீங்களா?"

"என்னைச் சுத்தித்தான் ஓடினான். நில்லுடான்னேன், நிக்கல. அழுதுகிட்டே அந்தப் பக்கம் போனான்."

அதுவரை குருவிக்கு வந்த கோபத்துக்குத் தம்பியின் காதைத் திருகி விடலாம் போலிருந்தது. அழுதுகொண்டே ஓடினான் என்று கேட்டதும் கோபம் எங்கோ போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

நூல் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த வாளிகளைத் தாண்டி, மோட்டார் அறைப் பக்கம் போனது. அங்கே பட்டாணி அறையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவனை அவளுக்குத் தெரியும். அதட்டினால் இன்னும் வேகமாக ஓடுவான். இன்னும் நாலு சுற்று ஓடினால் கையில் ஒன்றும் இருக்காது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பட்டாணி, எனக்குக் கால் வலிக்குதுடா. வந்து கொஞ்சம் பக்கத்துல உட்காரேன்."

காலடிச் சத்தம் நின்றது. பட்டாணி மெல்ல வந்து நின்றான். முகமெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியும். கையில் ஒரு சின்னத் தட்டு அளவுக்குப் பச்சை வட்டம்.

"அக்கா, நான் ஓட ஓட இது சின்னதாகுது."

"அப்புறம் ஏன்டா ஓடினே?"

"ரொம்பச் சின்னதாகுறதுக்குள்ள வீட்டுல கொண்டுபோய் வெச்சிடலாம்னுதான். மாமா வழியில நின்னாரு. பயந்து இந்தப் பக்கம் வந்துட்டேன். வேற வழி இருக்கான்னு சுத்திச் சுத்தித் தேடினேன்."

குருவி தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். அவிழ்ந்து நின்ற கண்ணிக்குள் அதை நுழைத்து மூடினாள். இனிமேல் பிரியாது.

"இதை எதுக்கு எடுத்தே?"

பட்டாணி மூக்கை உறிஞ்சினான். "ரெட்டைச்சடை சொன்னா, உங்க பாட்டி எல்லாருக்கும் பின்னினாங்க, உனக்கு மட்டும் பின்னலன்னு. உன்னை அவங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு சொன்னா. எனக்கும் இருக்குன்னு காட்டப் போனேன்."

ரெட்டைச்சடை ஹெல்மெட் மாமாவின் பேத்தி.

"சரி, ஊசியை ஏன் கழட்டினே?"

"கூர்மையான சாமானை வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல?"

அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். குருவி தினமும் பாட்டி பின்னிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். தம்பிக்கு உரியதை அவன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறான். இது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதே இல்லை.

இருவரும் மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள். மேஜை மேல் பச்சை வட்டத்தையும் பூசணிக்காய் போலப் பெருத்துவிட்ட உருண்டையையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். படியில் யார் நடந்தாலும் இருவரும் நிமிர்ந்தார்கள்.

"பூனை பண்ணிடுச்சுன்னு சொல்லலாமா?" என்றான் பட்டாணி.

"நம்ம வீட்டுல பூனை இல்லையே."

"வாங்கிடலாம்."

"நானே அம்மாகிட்ட சொல்றேன். நீ பேசாம இரு."

அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அலமாரியைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

குருவி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தான் படக்கதை பார்த்துக்கொண்டிருந்ததையும் விடவில்லை. அம்மா கைப்பையை இறக்கி வைத்தார். மேஜைக்கு வந்து, அந்தச் சின்ன வட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று குருவிக்கு இருந்தது.

"எது போயிடும்னு இத்தனை வருஷம் பயந்தேனோ, அது போயிடுச்சு" என்றார் அம்மா.

குருவி ஓரடி முன்னால் வந்து நின்றாள். "அம்மா, தப்புதான். ஆனா அது அவனோடதுதானே? அவன் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்ல."

அம்மா தலையைத் தூக்கினார். பட்டாணியைப் பார்த்தார். அவன் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"இங்க வாடா."

வரவில்லை.

"அடிக்க மாட்டேன், வா."

வந்தான். அம்மா வட்டத்தின் நடுவில் அவன் விரலை எடுத்து வைத்தார். "இது என்ன தெரியுமா? நீ வரப்போறேன்னு நான் சொன்ன அன்னைக்கு உங்க பாட்டி போட்ட முதல் சுத்து. சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. உனக்காக உட்கார்ந்து போட்டாங்க. இது பிரியவே இல்ல, பாரு."

"அப்ப என்னைத் தெரியுமா அவங்களுக்கு?"

"எங்க எல்லாருக்கும் முன்னாடியே உன்கிட்ட பேச ஆரம்பிச்சது அவங்கதான்."

பட்டாணி அந்த நடுச்சுற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு, கேட்காமலேயே, வட்டத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது.

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

"ஊசியை எடுத்துட்டு வா" என்றார் அம்மா.

ஹேர்பின்னைக் கழற்றி அந்த இடத்தில் ஊசியை நுழைத்தார். முதல் கண்ணியை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டார். அப்புறம் கை பழகிவிட்டது. அன்றைக்கு மதியம் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் வட்டம் மடங்கி, காதுவரை இறங்கி, ஒரு குல்லாயாகிவிட்டது. அப்படியும் நூல் நிறைய மிச்சம் இருந்தது. அதை வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. கடைசிக் கண்ணியில் குருவியின் ஹேர்பின்னையே மாட்டிவிட்டார்.

"ரெட்டைச்சடைகிட்ட காட்டிட்டு வரட்டுமா?" என்றான் பட்டாணி.

அம்மா குல்லாயை அவன் காதுவரை இழுத்துவிட்டார். "போ. உருண்டையை அக்கா வெச்சுக்கட்டும்."

பட்டாணி குல்லாயோடு முன்னால் போனான். குருவி நூலுருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனாள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, புது மாப்பிள்ளை மாதிரி மெல்ல நடந்து இறங்கினான் பட்டாணி.