கழுவாத கடைசிப் போத்தல்

டெலிபோன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பூசைக்குப் போவதற்காகச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த வேரோனிக்கா, ஊசியை வாயில் கவ்வியபடியே ரிசீவரை எடுத்தாள்.

"சார்ஜன்ட் டி லூக்கா பேசுகிறேன். ஒரு தமிழர் இறந்துவிட்டார். இன்னொரு தமிழரைப் பிடித்து வைத்திருக்கிறோம். நேற்றிலிருந்து ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார். எங்களுக்கு விளங்கவில்லை."

"என்ன வசனம்?"

மறுமுனையில் காகிதம் சரசரத்தது. கேட்ட ஒலியை எழுதி வைத்திருந்தார்கள் போலும். சார்ஜன்ட் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நான்தான்... கொலை... செய்தனான்."

வேரோனிக்காவின் வாயிலிருந்து ஊசி விழுந்தது.

*

1987 ஜனவரி. ரொறொன்ரோ முழுவதும் பனி சேறாகிக் கிடந்தது.

ஸ்ட்ரீட்காரில் நின்றபடியே வேரோனிக்கா செபமாலையை உருட்டினாள். எட்டு வருடங்களாக அவள் மொழிபெயர்ப்பாளர். பொலிஸ், கோர்ட், அகதி விசாரணை... எங்கே கூப்பிட்டாலும் போவாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லுவாள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

அகதி விசாரணையில் ஒருவன், எழுதிக் கொடுத்தபோது மூன்று தம்பிமார் என்றும், வாய் தவறி நான்கு தம்பிமார் என்றும் சொன்னான். அவளும் நான்கு என்றாள். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அவள் காதுபடவே பட்டப்பெயர் வைத்தார்கள்.

கண்ணாடி!

*

டி லூக்காவுக்கு ஐம்பது வயது. நரைத்த மீசை. இத்தாலியக் குடும்பம். வாசலிலேயே அவளிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

"வழக்கமானதுதான். முதலில் ஒரு கையெழுத்து, முடிவில் ஒரு கையெழுத்து. தெரிந்தே பிழையாக மொழிபெயர்த்தால் அதுவும் குற்றம்."

"தெரியும். நூறு தடவை வைத்திருக்கிறேன்."

வைத்தாள்.

நடந்துகொண்டே சொன்னார்.

"இறந்தவர் நீக்கிலாஸ். நாற்பத்தொரு வயது. பார்க்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தார். பிடிபட்டவர் மரியரட்ணம். இறந்தவருடைய மனைவியின் அண்ணன். அதே அறையில் இருந்தவர்."

"எப்படி இறந்தார்?"

"பின்தலையில் காயம். மேல்வீட்டுக் கிழவி நேற்றுக் காலை ஒன்பது பத்துக்குத் 'தொம்' என்று சத்தம் கேட்டிருக்கிறாள். அம்புலன்சுக்குப் போன் வந்தது எப்போது தெரியுமா? ஒன்பது ஐம்பதுக்கு."

நாற்பது நிமிடங்கள்!

"அந்த நேரத்தில் இந்த ஆள் பெரிய பச்சைப் பைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை பின்சந்துக்கு ஓடியிருக்கிறார். நாங்கள் போனபோது தரை முழுக்க ப்ளீச். மூக்கு எரிந்தது. எதையோ கழுவியிருக்கிறார், எதையோ ஒளித்திருக்கிறார். குப்பை லொறி முந்திவிட்டது, பைகள் கிடைக்கவில்லை."

"வேறு ஏதாவது?"

"இறந்தவரின் குளிர்க் கோட்டுப் பையில் இரண்டு பொருட்கள். உள்ளே மேசையில் இருக்கின்றன. என்னுடைய பொடியன்கள் அவற்றைப் பார்த்து இரவெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்."

கதவைத் திறந்தார்.

*

மரியரட்ணத்துக்கு முப்பத்தாறு வயது இருக்கும். மெலிந்த உடம்பு. ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவிக் கழுவி வெடித்த விரல்கள். காலில் சப்பாத்து இல்லை... சொக்ஸ் மட்டும்.

வேரோனிக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம் தம்பி. இருங்கோ. எந்த ஊர்?"

"பேசாலை."

"நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே இவருக்குச் சொல்லுவன். விளங்குதோ? சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டுப் பிறகு என்னைத் திட்டக்கூடாது."

"நீங்கள்தானோ கண்ணாடி அக்கா?"

அவள் கதிரையை இழுத்து அமர்ந்தாள்.

"நல்லது," என்றான் மரியரட்ணம். "அப்ப பிழையில்லாமல் போகும். சொல்லுங்கோ அக்கா. நான்தான் மச்சானைக் கொலை செய்தனான்."

சொன்னாள். இங்கிலீஷில், ஒரு சொல் குறையாமல்.

டி லூக்கா முன்னால் சாய்ந்தார். "எதனால்?"

"பியராலை."

"பியர் போத்தலால் தலையில் அடித்தாயா?"

"இல்லை. போத்தலாலை இல்லை. பியராலை."

சார்ஜன்ட் வேரோனிக்காவைப் பார்த்தார். அவள் அவனைப் பார்த்தாள்.

"தம்பி, வடிவாச் சொல்லுங்கோ. என்ன பியர்?"

மரியரட்ணம் கைகளால் முகத்தை மூடினான். விரல்களுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது.

"நாங்கள் காய்ச்சின பியர்."

*

டி லூக்கா மேசையில் கிடந்த கொப்பியைத் திறந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பி. பக்கம் முழுக்க நுணுக்கிய எழுத்தில் திகதியும் இலக்கமும்.

1044... 1031... 1017... 1010... 1010.

பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அடி குண்டு, நுனி மெல்லியது. உள்ளே சிறிய அளவுகோல்.

"என்னுடைய பொடியன்கள் இதை ரகசியக் குறியீடு என்றார்கள்," என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார் சார்ஜன்ட். "நான் ஒரு மடையன். என் அப்பாவிடமும் இப்படி ஒரு குழாய் இருந்தது. வருடா வருடம் பேஸ்மென்டில் வைன் போடுவார். இதை மிதக்கவிட்டால் சீனி எவ்வளவு மிச்சம் என்று தெரியும். இலக்கம் இறங்கி ஒரே இடத்தில் நின்றால் போத்தலில் அடைக்கலாம்."

வேரோனிக்கா அதைச் சொன்னதும் மரியரட்ணத்தின் கண்கள் விரிந்தன.

"ஓம் ஓம்! மச்சான் காலமையும் பின்னேரமும் பார்த்து எழுதுவார். மூடியைத் திறக்காதை எண்டு செய்முறைப் பேப்பரிலை போட்டிருக்கு எண்டு நான் கத்துவன். சோறு வெந்திட்டோ எண்டு பார்க்காமல் ஆரும் அடுப்பை விட்டுப் போறவையோ எண்டு கேட்பார்."

"எதுக்கு இந்த வேலை தம்பி? கடையிலை வாங்கிறதுக்கென்ன?"

"மச்சான்ரை மகளுக்கு இண்டைக்கு ஞானஸ்நானம், அக்கா. பேசாலைக் கோயிலிலை. ஏழு மாசப் பிள்ளை... மச்சான் முகம் காணேல்லை. இவர் வந்தாப் பிறகு பிறந்தது. தன்ரை கையாலை செய்ததைத்தான் இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் குடுக்கவேணும் எண்டவர். கடையிலை பியர் காய்ச்சிற மோல்ற் பாணி ரின் ஒண்டு வாங்கினம். அதோடை ஈஸ்ற், சீனி, ஒரு பெரிய வாளி. முதல் தரம் புளிச்சுப் போச்சு. வாளியை வடிவாக் கழுவேல்லையாம். அதாலை இந்தத் தரம் எல்லாத்தையும் ப்ளீச் போட்டுக் கழுவினது. கழுவிறது என்ரை வேலை."

வெடித்த கைகளை மேசைமேல் விரித்தான்.

"அறுபது போத்தல், அக்கா. ஐம்பத்தொன்பதை நல்ல தண்ணியிலை மூண்டு தரம் அலசினன். வேலைக்கு பஸ் வந்திட்டுது. கடைசிப் போத்தலை அலசாமல் ப்ளீச்சோடை வைச்சிட்டு ஓடினன். திரும்பி வந்து பார்த்தால் மச்சான் எல்லாத்திலையும் பியரை நிரப்பி மூடியும் அடிச்சிட்டார். நான் சொல்லேல்லை. எந்தப் போத்தல் எண்டும் தெரியேல்லை."

"பிறகு?"

"நேற்றுக் காலமை உடைச்சுப் பார்ப்பம் எண்டார். முன்னுக்கு நிண்டதை எடுத்தார். ஒரு கிளாஸ் குடிச்சார். நல்லாயிருக்கு மச்சான் எண்டார்... பிறகு நெஞ்சைப் பிடிச்சார். வாய்வு எண்டார். பியரிலை காத்துக் கூடிப்போச்சு எண்டு சிரிச்சார். அப்பிடியே கதிரையாலை விழுந்தார். போத்தல் கழுவுற தொட்டி விளிம்பிலை தலை அடிபட்டது."

டி லூக்காவின் பேனா வேகமாக ஓடியது.

"அப்போதே ஏன் அம்புலன்ஸ் கூப்பிடவில்லை? அந்த நாற்பது நிமிடம் என்ன செய்தாய்?"

மரியரட்ணம் தலையைக் குனிந்தான்.

"கூப்பிடத்தான் போனனான். மச்சான் விடேல்லை. அம்புலன்ஸ் வந்தால் பொலிசும் வரும் எண்டார். ஊரிலை வீட்டிலை கசிப்புக் காய்ச்சினால் பொலிஸ் வந்து அடிச்சு இழுத்துக்கொண்டு போறதை நாங்கள் பாத்தனாங்கள்தானே. எனக்கு வாற மாசம் அகதி விசாரணை, அக்கா. 'கள்ளச்சாராயக் கேசிலை மாட்டினால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். முதல் உதுகளை எல்லாம் எடுத்து எறி. பிறகு போன் அடி' எண்டார். சுவரிலை சாஞ்சு இருந்துகொண்டு அவர்தான் ஒவ்வொண்டாக் காட்டினார். நான் ஊத்தினன், கழுவினன், பையிலை போட்டன், பின்சந்துக் குப்பைப் பெட்டிக்கு ஓடினன்."

"கடைசியாக என்ன சொன்னார்?"

"மூடியளையும் பொறுக்கு, மச்சான் எண்டார்."

மரியரட்ணம் மூடி பொறுக்குவதுபோல் விரல்களைக் குவித்தான்.

"பொறுக்கிப்போட்டு நிமிர்ந்தன்... அவர் பேசேல்லை."

*

டி லூக்கா பேனாவை வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கினார்.

"கடவுளே," என்றார் மெதுவாக. "அவரிடம் சொல்லுங்கள். இந்த நாட்டில் வீட்டில் குடிக்கப் பியர் காய்ச்சுவது குற்றமே இல்லை. விற்றால்தான் குற்றம். அந்த ரின்னைக் கடையில் பகிரங்கமாகத்தானே வாங்கினார்கள்?"

கண்ணாடி, கண்ணாடியாகவே சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மரியரட்ணத்தின் முகம் வெளிறியது.

"குற்றம் இல்லையோ?"

"இல்லைத் தம்பி."

"அப்ப... ஒண்டையும் எடுத்து எறியத் தேவையில்லையோ?"

தேவையில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"உடனை போன் அடிச்சிருக்கலாமோ, அக்கா? அடிச்சிருந்தால் மச்சான் தப்பியிருப்பாரோ? எனக்காகத்தானே அவர் வேண்டாமெண்டவர். தங்கச்சி செலீனுக்கு நான் என்னெண்டு எழுதுவன்? உன்ரை மனிசன் செத்துக்கொண்டிருக்கேக்கை நான் போத்தல் மூடி பொறுக்கினனான் எண்டு எழுதுறதோ? கேட்டுச் சொல்லுங்கோ, அக்கா. தப்பியிருப்பாரோ?"

டி லூக்கா மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். வேரோனிக்கா கேள்வியை அப்படியே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து...

மேசையில் இருந்த போன் அலறியது!

பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர். சார்ஜன்ட் மூன்று நிமிடம் கேட்டார், நடுவில் அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியும் விசாரித்தார். "ஓகே... ஓகே..." என்றார். ரிசீவரை வைத்தார். நேராக மரியரட்ணத்தைப் பார்த்தபடி பேசினார்.

"சொல்லுங்கள். இது கொலை இல்லை. பியரில் விஷமும் இல்லை. அலசாத ஒரு போத்தலில் ஒட்டியிருக்கும் ப்ளீச் யாரையும் கொல்லாது. தலைக்காயம் சிறியது. மாரடைப்பு. இவர் வீட்டுக்குப் போகலாம்."

ஒரு மூச்சு எடுத்தார்.

"ஆனால் கேட்டதற்குப் பதில், ஆம். அந்த நாற்பது நிமிடத்துக்கு முன் கூப்பிட்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்கிறார் டொக்டர். இதையும் சொல்லுங்கள். கேட்கிற மனிதனுக்கு உண்மை தெரிய வேண்டும்."

வேரோனிக்கா மரியரட்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

எட்டு வருடம். ஒரு சொல் கூடாது... ஒரு சொல் குறையாது...

"தம்பி, கொலை இல்லையாம். பியரிலை ஒண்டுமில்லை. நீங்கள் அலசாத போத்தலாலையும் இல்லை. ஹார்ட் அற்றாக். நீங்கள் வீட்டை போகலாம்."

அவன் கண்கள் அவள் வாயிலேயே இருந்தன.

"நான் கேட்டதுக்கு என்ன சொன்னவர்?"

"தப்பியிருக்க மாட்டாராம்."

"இல்லை அக்கா. அவர் 'ஃபோர்ட்டி மினிட்ஸ்' எண்டவர். எனக்குக் கேட்டது. அவ்வளவு இங்கிலீஸ் எனக்கும் தெரியும்."

சார்ஜன்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

"ஓம், சொன்னவர்," என்றாள் நிதானமாக. "நாப்பது நிமிசம் முந்திக் கூப்பிட்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடக்கேக்கை வந்திருந்தாலும் இதுதானாம். நெஞ்சுக்குழாய் முழுக்க அடைச்சுப்போச்சாம். உங்கடை மச்சான் வலியில்லாமல், உங்களோடை கதைச்சுக்கொண்டுதான் போயிருக்கிறார். இதை அப்பிடியே செலீனுக்கு எழுதுங்கோ. கண்ணாடி அக்கா சொன்னது எண்டு எழுதுங்கோ. நான் பொய் சொல்லுறேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும்."

மரியரட்ணம் உடைந்து அழுதான். முந்தைய அழுகை இல்லை இது. வேறு அழுகை. எழுந்து மேசையைச் சுற்றிவந்து, டி லூக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினான். பிறகு முத்தமிட்டான்.

"தாங்க் யூ, சேர். தாங்க் யூ."

சார்ஜன்ட் கையை இழுக்கவில்லை.

"ஒண்டு மட்டும் தம்பி," என்றாள் வேரோனிக்கா. அவன் திரும்பினான். "இனி ஆருக்கும் நெஞ்சு நொந்தால், ஆர் என்ன சொன்னாலும் முதல் போன். மற்றதெல்லாம் பிறகு. உங்களோடை இருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா."

ஒரு கொன்ஸ்டபிள் அவனுக்குச் சப்பாத்துத் தேடிக் கொடுத்து அழைத்துப் போனான். கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி போனான் மரியரட்ணம். அதன் கடைசிப் பக்கத்தில் நீக்கிலாஸ் எழுதியிருந்த ஒரே வரி வேரோனிக்காவின் கண்ணில் பட்டது.

'மகளுக்காக, அறுபது போத்தல்.'

*

கதவு மூடியது.

டி லூக்கா படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். 'அனைத்தும் பிழையின்றி மொழிபெயர்க்கப்பட்டது.' கீழே ஒரு கோடு.

வேரோனிக்கா பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"இதில் கையெழுத்துப் போட என்னால் முடியாது, சார்ஜன்ட்."

"தெரியும். நான் சொன்ன செய்திக்கு யாரும் கையை முத்தமிட மாட்டார்கள்."

"குற்றம்தானே?"

"குற்றம்தான்."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே பனியில், மரியரட்ணம் ஸ்ட்ரீட்காருக்கு நின்றான்.

"எனக்குப் பதினெட்டு வயதில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. டொக்டர் சொன்னதை நான்தான் இத்தாலியனில் சொன்னேன்."

"டொக்டர் என்ன சொன்னார்?"

"புற்றுநோய்... மூன்று மாதம்."

"நீங்கள்?"

"வாய்வு என்றேன்." டி லூக்கா திரும்பிவந்து பேனாவை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தார். "அப்பா என்னைத்தான் நம்பினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வைன் போட்டார். அந்த டொக்டருக்குத்தான் மொழிபெயர்க்கத் தெரியவில்லை... கையெழுத்துப் போடுங்கள்!"