கதவு மட்டும் மாற்றினால் போதும்

டமார்!

சமையலறையிலிருந்து வந்தது சத்தம்.

பல் டாக்டர் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தார்.

மேல் கேபினட்டின் கதவு ஒன்று கீலோடு பிய்த்துக்கொண்டு விழுந்து அடுப்பின் மேல் குப்புறக் கிடந்தது. கண்ணாடி டம்ளர்கள் சுக்கு நூறு. நடுவில், ஒரு கீறல்கூட இல்லாமல், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்தாள் டெய்லரம்மா.

அவருடைய மனைவியின் அக்கா.

காணாமல் போன மனைவியின் அக்கா.

"தானா விழுந்துச்சா, நீங்க கழட்டினீங்களா அண்ணி?"

"தொட்டேன், விழுந்துடுச்சு. இந்த வீட்ல எதைத் தொட்டாலும் ஏதாவது ஒண்ணு வெளிய வருது மாப்பிள்ளை."

"என் வீட்ல எதையும் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உங்க வீடா? பாதி என்னுது. எங்கப்பா எழுதி வச்சது. மீதிப் பாதி என் தங்கச்சியோடது. அதுலதான் நீங்க குடியிருக்கீங்க... அவ இல்லாமயே."

பல் டாக்டர் பேஸ்ட்டைத் துப்பப் போனார். துப்பிவிட்டு வந்தும் முகத்தில் கசப்பு போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. அவர் கிளினிக்கிலிருந்து வந்தபோது வீட்டில் மனைவி இல்லை. பீரோவில் அவள் நகைகளும் இல்லை. அவளுடைய போனிலிருந்து அவருக்கு ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது.

'போறேன். தேட வேணாம்.'

தேடினார்கள். கிடைக்கவில்லை. நகையோடு போனவள் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பாள் என்று போலீஸ் கொட்டாவி விட்டது.

டெய்லரம்மா நம்பவில்லை. அந்த வாரம்தான் இந்தச் சமையலறை புதிதாக முடிந்திருந்தது. தரையைத் தோண்டி, குழாய் பதித்து, சிமென்ட் பூசி, அதன் மேல் கேபினட்டுகளை வரிசையாக உட்கார வைத்த வாரம். இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"சந்தேகத்துக்காக ஒருத்தர் கிச்சனை இடிக்க முடியாதும்மா" என்றார் அந்த லேடி இன்ஸ்பெக்டர்.

இடிக்க முடியாது. சரி. ஆனால் மாற்றலாமே?

தன் பங்கு வீடு என்று சொல்லி இங்கேயே குடிவந்துவிட்டாள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் அதுதான் யுத்தம்.

"இப்பவாவது ஒத்துக்கோங்க மாப்பிள்ளை. மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசு போடணும்."

"எதுக்கு? பெட்டி நல்லாத்தான் இருக்கு. கதவை மட்டும் மாத்தி, வெளிப்பக்கம் புது லேமினேட் ஒட்டினா புதுசு மாதிரி ஆயிடும். வேர் கெட்டியா இருக்கற பல்லை எவனும் பிடுங்க மாட்டான். மேல கேப்தான் போடுவான்."

"உள்ள சொத்தை இருந்தா?"

"என்ன சொத்தை?"

"அதைத்தான் திறந்து பாக்கணும்கறேன்."

பல் டாக்டரின் நெற்றியில் வியர்வை. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது.

"என்னைக் கொலைகாரன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. நீங்க எதுக்கு அந்த அடிப்பலகையை அடிக்கடி பாக்கறீங்கன்னுதான் கேக்கறேன்."

தரைக்கும் கேபினட்டுக்கும் நடுவில் நாலு அங்குல உயரத்தில் ஓடும் மறைப்புப் பலகை. அவர் சட்டென்று பார்வையை எடுத்தார்.

"கார்ப்பென்டர் வர்றான். அவன் முடிவு பண்ணட்டும். பெட்டி கெட்டுப்போச்சுன்னு அவன் சொன்னா, மொத்தமா மாத்திடலாம். நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க இதோட வாயை மூடிக்கணும்."

"எந்தக் கார்ப்பென்டர்? உங்க ஆளா?"

"எனக்கு யாரையும் தெரியாது. போன தடவை வேலையெல்லாம் உங்க தங்கச்சிதான் பாத்துக்கிட்டா. காலைல போனா ராத்திரி வர்றவன் நான். லெட்டர் பாக்ஸ்ல ஒருத்தன் மாசாமாசம் கார்டு போட்டுட்டுப் போறான். அதுல இருந்த நம்பருக்கு அடிச்சேன்."

டெய்லரம்மா யோசித்தாள். பெரிய வேலை கையில் வந்து விழும்போது சின்ன வேலையே போதும் என்று சொல்லும் கார்ப்பென்டர் உலகத்தில் உண்டா என்ன?

"சம்மதம்" என்றாள்.

காலிங்பெல் அலறியது.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. காதில் பென்சில். இடுப்பு பெல்ட்டில் அளவு டேப், உளி, சுத்தியல்.

"வணக்கம் சார். கிச்சன் எந்தப் பக்கம்?"

காட்டினார்கள். அவன் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி உள்ளே போனான். விழுந்து கிடந்த கதவைப் புரட்டினான். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தான். அரை நிமிஷம்தான்.

"கீல்தான் சார் போயிடுச்சு. பெட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கதவு மட்டும் மாத்தினாப் போதும்."

பல் டாக்டர் மூச்சு விட்டார். "கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டேன். ஏன் தம்பி, சிங்க்குக்குக் கீழ குனிஞ்சே பாக்கலையே நீங்க?"

"பாக்க வேணாம்மா. சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

"தட்டிப் பாத்து வாங்க இது என்ன பானையா?"

டெய்லரம்மா மூலைப் பெட்டியின் கதவைத் திறந்தாள். அடித்தட்டு ஈரத்தில் ஊதி, ஓரம் உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்து அழுத்தினாள். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

"இதுதான் கல்லா?"

கார்ப்பென்டரின் முகம் மாறவில்லை. "அது மேலாக்க ஈரம்மா. ஒரு பலகை வச்சு மூடிடலாம்."

"மூடிடலாம்... மூடறதுலயே இருக்கீங்க எல்லாரும். மாப்பிள்ளை, இவனுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"அண்ணி, மரியாதையாப் பேசுங்க. இவரை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ஒரு கார்ப்பென்டர் வர்ற வேலையை வேணாங்கறான். நீங்க வேர்த்துக் கொட்டறீங்க. எனக்கென்ன காது குத்தறீங்களா ரெண்டு பேரும்?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. சிங்க் பக்கம் போய் அடிப்பலகையை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"அண்ணி... வேணாம்... சொன்னாக் கேளுங்க..."

இரண்டாவது உதை. பலகை சாய்ந்தது.

உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ பளபளத்தது.

டெய்லரம்மா குனிந்து கையை விட்டாள். ஒரு தகர டப்பா. மூடியைத் திறந்தாள்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

பற்கள்.

டப்பா நிறையப் பற்கள். மனிதப் பற்கள்.

"பாவி... என் தங்கச்சியை என்ன பண்ணினே?"

"ஐயோ அண்ணி, அது அவளோடது இல்ல. நல்லாப் பாருங்க. ஒரு ஆளுக்கு முப்பத்திரண்டுதான். அதுல நூறுக்கு மேல இருக்கு."

பார்த்தாள். ஒவ்வொரு பல்லின் தலையிலும் மஞ்சளாக ஒரு தொப்பி.

தங்கம்.

பல் டாக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "பிடுங்கின பல்லை யாரும் திருப்பிக் கேக்கறதில்ல அண்ணி. கேப்பு தங்கமா இருந்தா... எடுத்து வச்சுக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். அதனாலதான் மொத்தமா மாத்த வேணாம்னேன். வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா."

"இதுக்காகவா இவ்வளவு வேர்த்தே?"

"இதுக்கு மட்டும்தான்."

டெய்லரம்மா டப்பாவை மேடையில் வைத்தாள். இரண்டு மாத ஆவேசம் ஒரே நொடியில் காற்றுப் போன பலூனாகியிருந்தது. இவன் திருடன். ஊரார் வாயில் கை வைத்த திருடன். ஆனால் கொலை செய்தவன் இப்படி உட்கார்ந்து மூக்கை உறிஞ்ச மாட்டான்.

அப்படியானால் என் தங்கை எங்கே?

கார்ப்பென்டர் கனைத்தான். "உங்க குடும்ப விஷயம் எனக்கு எதுக்கு சார்... நான் அளவு எழுதிக்கிட்டுக் கிளம்பறேன். கதவு ஒரு வாரத்துல ரெடியாயிடும்."

காதிலிருந்து பென்சிலை எடுத்தான். ஒரு சின்ன நோட்டில் கடகடவென்று எழுத ஆரம்பித்தான். எழுதும்போதே உதடு முணுமுணுத்தது.

"மேல... பதினேழே கால், இருபத்தெட்டரை. அடுத்தது பதினாறே முக்கால்... சிங்க்குக்குக் கீழ பதினெட்டு... மூலை, பதிமூணே கால்..."

டெய்லரம்மா நிமிர்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். வாரா வாரம் வருகிற பெண்ணாகவே இருந்தாலும் டேப் வைக்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். அளவெடுத்துப் பிழைக்கிற யாரும் தொட மாட்டார்கள்.

இவனுடைய டேப் பெல்ட்டை விட்டு இறங்கவே இல்லை.

"தம்பி, அளவு எடுக்கலையா?"

பென்சில் நின்றது.

"கண்ணாலயே பாத்து எழுதிடுவேம்மா. அனுபவம்."

"கால் இஞ்ச் கூடக் கண்ணுக்குத் தெரியுதா?"

"இதெல்லாம் ஸ்டாண்டர்டு சைஸும்மா."

"குடுங்க அந்த நோட்டை."

கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. பிடுங்கினாள். தன் கைப்பையிலிருந்து தையல் டேப்பை உருவி முதல் கதவில் வைத்தாள்.

பதினேழே கால்.

இரண்டாவது. பதினாறே முக்கால்.

மூலை. பதிமூணே கால்.

நூல் பிசகவில்லை. ஒரு கதவைப் போல் இன்னொரு கதவு இல்லை. பழைய வீடு. கோணல் சுவர். ஒவ்வொரு கதவையும் அந்தந்த இடத்துக்கென்று அளந்துதான் அறுத்திருக்க வேண்டும்.

அறுத்தவனுக்கு மட்டும்தான் மனப்பாடமாக இருக்கும்.

"மாப்பிள்ளை" என்றாள். குரல் தணிந்திருந்தது. "அழுதது போதும். எந்திரிச்சு வாசக் கதவைப் பூட்டுங்க."

"எதுக்கு அண்ணி?"

"இந்தக் கேபினட்டைச் செஞ்சவன் இவன்தான். கிச்சன் எந்தப் பக்கம்னு நம்மகிட்டயே கேட்டான் பாருங்க."

கார்ப்பென்டர் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே காய்ந்துபோனது.

"ஆமா, செஞ்சேன். அதுல என்ன தப்பு? நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச வேலை ஞாபகம் இல்ல, பேசும்போதுதான் ஞாபகம் வந்துச்சு."

"மூணு வருஷம். வீடு ஞாபகம் இல்ல, கால் இஞ்ச் ஞாபகம் இருக்கு. மாசாமாசம் கார்டு போட்டது வேலை பிடிக்கறதுக்கு இல்ல. வேற எவனும் உள்ள நுழைஞ்சு இதைக் கழட்டிடக் கூடாதுன்னு. அதான் கதவு மட்டும் போதுங்கறே. அவளோட நகைக்காகவா?"

உளி பெல்ட்டிலிருந்து கைக்கு வந்தது.

"வழி விடும்மா."

"விடலைன்னா?"

அவன் பாய்ந்தான். டெய்லரம்மா ஒதுங்கினாள். உளி அவள் தோளை உரசிக்கொண்டு கேபினட்டில் குத்தி நின்றது. அவன் அதைப் பிடுங்குவதற்குள் பின்னாலிருந்து ஸ்டூல் பறந்து வந்து அவன் முதுகில் இறங்கியது. அடுத்த நிமிஷம் அவன் தரையில் கிடந்தான். அவன் மார்பின் மேல் பல் டாக்டர் உட்கார்ந்து, இரண்டு விரலால் தாடையை நெருக்கிப் பிடித்திருந்தார்.

"சொல்லுடா. என் பொண்டாட்டி எங்க? வாயைத் திறக்க வைக்கறதுதான் என் தொழில்."

அவன் திறக்கவில்லை.

டெய்லரம்மா போன் செய்த இருபது நிமிஷத்தில் அந்த லேடி இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே கடப்பாரையோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். கார்ப்பென்டரின் கையில் விலங்கு மாட்டி வாசற்படியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சமையலறை முழுசாகத் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றான் அவன். "கேபினட் செஞ்சேன். கூலி வாங்கிட்டுப் போயிட்டேன். அந்தம்மா எங்க போனாங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்? கோபத்துல உளியைத் தூக்கிட்டேன், அதுக்கு வேணா கேஸ் போடுங்க."

"நகை?"

"எந்த நகை?"

இன்ஸ்பெக்டர் தங்கப் பல் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பல் டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். "உங்ககிட்ட அப்புறம் வர்றேன் டாக்டர்."

டெய்லரம்மா தோளைத் துணியால் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பல் டாக்டர் பக்கத்தில் வந்தார்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா அண்ணி? நான் கொலைகாரன் இல்லைன்னு."

"ஒத்துக்கறேன். திருடன்தான்."

"நான்தான் ஸ்டூலைத் தூக்கி..."

"தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அவள் கண்கள் தரையை விட்டு நகரவில்லை. மூன்று வருஷமாக அவள் கேட்ட ஒரே கேள்விக்கு அந்தத் தரைதான் பதில் சொல்ல வேண்டும்... ஒன்றும் இல்லாமல் போனால், இவன் உளிக் கேஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்துவிடுவான். தங்கை எங்கே என்பது கடைசி வரை தெரியாது.

"எங்க இருந்து மேடம் ஆரம்பிக்கறது?" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

"இந்த ஓரத்துல இருந்து. மேல இருக்கறதை இறக்கினாத்தான் கீழ தோண்ட முடியும். ஒண்ணு விடாம உடைங்க."

கடப்பாரை மேல் வரிசையின் முதல் பெட்டியில் இறங்கியது. படீர். பலகை பிளந்தது. இரண்டாவது அடியில் இடைவெளியே இல்லாமல் பொருத்தியிருந்த மூட்டு முறிந்து தொங்கியது. மூன்றாவதில் பெட்டியே சுவரை விட்டு வந்தது.

கார்ப்பென்டர் நெளிந்தான்.

அடுத்த பெட்டி. இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய பக்கப் பலகை நடுவில் கிழிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த அடி விழுந்தபோது தன் முதுகிலேயே விழுந்ததுபோல் பல்லைக் கடித்தான்.

கான்ஸ்டபிள் மூன்றாவது பெட்டிக்குக் கடப்பாரையை ஓங்கினார்.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"நல்ல பிளைவுட் மேடம், அதை எதுக்கு வீணா உடைக்கறாங்க... அந்தம்மா மூலைப் பெட்டிக்குக் கீழதான் இருக்காங்க."